உணவு, நிலப் படிப்புகளில் பூர்வகுடி மாணவர்கள்: வகுப்பு எடுப்பவர் கையில் என்ன இருக்கிறது?

கேள்வி: செம்மண்

வணக்கம். கோவையில் மண்ணியல் படித்தவன். இப்போது கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் உணவு, நில அறிவியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். வரும் செப்டம்பரில் இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்றுக்கு நான்தான் உதவி ஆசிரியர். வாராந்தரக் கலந்துரையாடல் வகுப்பு முழுக்க என் பொறுப்பு. பேராசிரியர் காது கொடுத்துக் கேட்பவர். "எதை மாற்றலாம் என்று ஆகஸ்டுக்குள் எழுதிக் கொடு, பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

என் பிரிவில் பூர்வகுடி மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள். முந்தைய பருவத்தில் ஆய்வகத்தில் பழகியவர்கள். ஒருவர் வடக்கே நாஸ் ஆற்றுப் பக்கம், ஒருவர் ஃப்ரேசர் பள்ளத்தாக்கு, ஒருவர் நகரத்திலேயே வளர்ந்தவர். அப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். வகுப்பு தொடங்கும்போது, இது இங்குள்ள பூர்வகுடியினர் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்காத நிலம் என்ற அறிவிப்பை வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் பாதி வகுப்பு அந்த மாணவர்களைத் திரும்பிப் பார்க்கும். அதன் பிறகு பசுமைப் புரட்சி, கோதுமை, மண் கரிமம் என்று பாடம் தன் வழியில் போய்விடும். இந்த நிலத்தில் இந்த மக்கள் எதை விளைவித்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்பது பருவம் முடியும்வரை வராது.

போன ஆண்டு ஒரு மாணவி நவம்பரில் நின்றுவிட்டார். வருகைப் பதிவு குறைவு என்று ஏட்டில் இருக்கிறது. காரணத்தை யாரும் விசாரிக்கவில்லை. சக ஆய்வாளர் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், "அவர்களுக்கு எல்லாம் இலவசம், அதனால்தான் அக்கறை இல்லை" என்றார். எனக்கு அது உறுத்தியது. ஆனால் பதில் சொல்லும் அளவுக்கு விவரம் என்னிடம் இல்லை.

இன்னொரு சிக்கல்: பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில், அந்தக் குழந்தைகள் மீது நடந்த ஊட்டச்சத்துப் பரிசோதனைகளுக்கு ஆறாவது வாரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். அதை அந்த மாணவர்கள் முன்னால் எப்படி எடுப்பது?

யாரையும் கைதூக்கி விடுகிறேன் என்று புறப்படவில்லை. என் அதிகாரத்துக்கு உட்பட்டதைச் சரியாகச் செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காயல்கரை

தம்பி, நான் வான்கூவர் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். இந்த வேலையிலேயே தலை நரைத்தவள். நீங்கள் பருவம் தொடங்கும் முன்பே கேட்டது நல்லது. எங்களிடம் பெரும்பாலும் மாணவர் நின்ற பிறகுதான் கேட்பார்கள்.

முதலில் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேசர் ஆற்றில் சாக்கை சால்மன் ஏறுவது ஆகஸ்ட், செப்டம்பர். சம் சால்மன் அக்டோபர், நவம்பர். உங்கள் பருவம் சரியாக அதற்கு நடுவில் தொடங்குகிறது. ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்றுக்குக் குளிர்காலச் சாப்பாடு அந்த நாட்களில்தான் சேர்கிறது. மீன் வந்துவிட்டால் கழுவ, கீற, புகைக்கூடத்தில் தொங்கவிட, ஆல்டர் விறகின் தணலைப் பார்த்துக்கொள்ள, கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வேகவைக்க என்று வீட்டில் உள்ள எல்லாக் கையும் வேண்டும். வலை போடும் நாளையும் குடும்பம் தீர்மானிப்பதில்லை. மத்திய மீன்வளத் துறை திறப்பதும் மூடுவதும்தான் கணக்கு. பல நேரம் சில நாள் முன்புதான் தெரியவரும். அப்படி ஊருக்குப் போன பிள்ளைக்கு நம் ஏட்டில் "காரணமின்றி வரவில்லை" என்று விழுகிறது. மருத்துவர் சான்றிதழ் கேட்டால் அவள் யாரிடம் போய் வாங்குவாள்?

உங்கள் நாஸ் ஆற்று மாணவருக்கு மார்ச் மாதமும் முக்கியம். குளிர்காலக் கையிருப்பு தீரும் நேரத்தில் ஊலிக்கன் என்ற சிறு மீன் கடலிலிருந்து ஆற்றுக்குள் வரும். பிடித்த மீனைக் குழிகளில் நாள்கணக்கில் போட்டுப் பதமாக்குவார்கள். பிறகு பெரிய தொட்டியில் கொதிக்கவிடாமல், சூடான நீரில் மெல்ல வேகவைப்பார்கள். மேலே மிதந்து வரும் எண்ணெயை வழித்து எடுத்து வடிகட்டுவார்கள். எத்தனை நாள் ஊறினால் என்ன சுவை, எந்தச் சூட்டில் எண்ணெய் பிரியும், எப்போது கெடும் என்பது அங்கே கைப்பழக்கம். அதே வாரங்களில் உங்கள் துறையில் உணவு வேதியியலின் இடைத்தேர்வு, கேள்வி கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் பற்றி! விருப்பம் இருந்தால், ஊரில் செய்த வேலையைக் குறிப்பெடுத்து ஆய்வகப் பயிற்சிக்கு ஈடாகக் கொடுக்கலாம் என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். "விருப்பம் இருந்தால்" என்பதை விட்டுவிடாதீர்கள். வீட்டு வேலையைப் பல்கலைக்கழகத்துக்குக் காட்ட விரும்பாதவர்களும் உண்டு.

துக்க விடுப்பு விதியையும் எடுத்துப் படியுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், துணைவர் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். பெரியம்மாவின் சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்குள்ள பல ஊர்களிலும் அப்படித்தான். விதியை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் உங்கள் வகுப்பில் அந்தப் பட்டியலைக் கேட்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்தது பாடம். நில அறிவிப்பை வாசித்துவிட்டுக் கோதுமைக்குப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிவிப்புக்கு அடியிலேயே உங்கள் பாடம் இருக்கிறது. வான்கூவர் பகுதியின் பூர்வகுடியினரான மஸ்குவியம் மக்களின் இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டையும் தெரியாமல் கனடாவில் நிலம், உணவு பற்றிய பட்டம் ஒருவர் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

1958-இல் அவர்களுடைய ரிசர்வ் நிலத்தில், அதாவது அவர்களுக்கென அரசு ஒதுக்கிய நிலத்தில், 162 ஏக்கரை மத்திய அரசு அதிகாரிகள் ஒரு கோல்ஃப் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குடியினர் ஒப்புக்கொண்ட நிபந்தனை ஒன்று, கையெழுத்தான நிபந்தனை வேறு. அதுதான் கெரின் வழக்கு. 1984-இல் உச்ச நீதிமன்றம் பூர்வகுடியினரின் நிலத்தை அவர்கள் நலனுக்காகவே கையாள வேண்டும் என்ற அரசின் நம்பிக்கைப் பொறுப்பை உறுதி செய்து, ஒரு கோடி டாலர் இழப்பீட்டை நிலைநிறுத்தியது. அதே 1984-இல் ரொனால்ட் ஸ்பாரோ என்ற மஸ்குவியம் மீனவர் ஃப்ரேசர் முகத்துவாரத்தில் வலை போட்டார். உரிமத்தில் 25 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) நீள வலைதான் அனுமதி. அவருடையது 45 பாகம். வழக்குப் போட்டார்கள். அவர் வலையின் நீளத்தை மறுக்கவில்லை. உணவுக்கு மீன்பிடிப்பது என் மக்களின் உரிமை, 1982 அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அதைக் காக்கிறது என்று நின்றார். 1990-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முதன்முதலாக விளக்கியது இந்த வழக்கில்தான். மீன் வளத்தைப் பாதுகாக்க வேண்டியதற்கு அடுத்த இடம் பூர்வகுடியினரின் உணவுத் தேவைக்கு, வணிகமும் பொழுதுபோக்கும் அதற்குப் பின்னால் என்ற வரிசை அங்கிருந்து வருகிறது. உணவு இறையாண்மை, அதாவது தங்கள் உணவைத் தாங்களே தீர்மானிக்கும் மக்களின் உரிமை என்று வகுப்பில் பேசுகிறோம் அல்லவா? அந்த 45 பாக வலையை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

மண்ணியல்காரரான உங்களுக்குப் பிடிக்கும் ஒன்று: மட்டித் தோட்டம். கடற்கரையில் தாழ்நீர் மட்டத்தில் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். அலை கொண்டுவரும் மணல் சுவருக்குப் பின்னால் படிந்து, சரிவான கரை மேடையாகும். மட்டி வளரத் தோதான ஆழமும் ஈரமும் கிடைக்கும். குவாட்ரா தீவில் 3,500 ஆண்டுப் பழைய சுவர்கள் இருக்கின்றன. சுவருள்ள கரைகளில் பட்டர் மட்டி நான்கு மடங்கு, லிட்டில்நெக் மட்டி இரு மடங்கு என்று 2014-இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. வேளாண்மை வரலாறு என்று தொடங்கும் முதல் வாரத்திலேயே இதை வையுங்கள். கடைசி வாரச் சிறப்புச் சொற்பொழிவில் ஒட்டவைத்தால் அது விருந்தாளியாகவே நிற்கும்.

இதையெல்லாம் கற்பிக்கும்போது அந்த மாணவர்கள் பக்கம் திரும்பி "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்காதீர்கள். நகரத்தில் வளர்ந்தவருக்கு ஒருவேளை தெரியாது. அவருடைய பாட்டியை உறைவிடப் பள்ளிக்கு இழுத்துப் போனதால் தெரியாமல் போயிருக்கலாம். அதை முப்பது பேர் முன்னால் அவர் சொல்ல வேண்டிய நிலையை நீங்கள் உண்டாக்கக் கூடாது. அவராகப் பேசினால் கேளுங்கள். மற்றபடி பாடம் நடத்துவது உங்கள் வேலை, நீங்கள் படித்துவிட்டு வாருங்கள்.

"எல்லாம் இலவசம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது. மத்திய அரசு உயர்கல்விக்கென ஒரு தொகையை ஒவ்வொரு பூர்வகுடி நிர்வாகத்துக்கும் கொடுக்கிறது. அதற்கு வரம்பு உண்டு. விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் போதாமல் போனால் காத்திருப்போர் பட்டியல்தான். சட்டப்படி பதிவு இல்லாதவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பணம் தாமதமானால் முதல் மாத வாடகையே இடிக்கும். இன்னொரு பழைய கதையும் உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். 1876-ஆம் ஆண்டின் இந்தியர் சட்டத்தில் (பூர்வகுடியினரை அப்போது 'இந்தியர்' என்றே அழைத்தார்கள்), பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினால் அவருடைய பூர்வகுடித் தகுதி தானாகப் பறிபோகும். படிப்பா, சொந்த மக்களா என்று கேட்ட சட்டம்! இடஒதுக்கீட்டில் வந்தவர்களைப் பற்றி நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் பேசிய அதே பேச்சை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறோம். அதை நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான்.

கடைசியாக ஒரு சின்னப் பொருள். பெரிய உறைபதனப் பெட்டி. ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் மீன், மான் இறைச்சி, பெர்ரி எல்லாம் கொண்டுவருவார்கள். விடுதி அறைக் குளிர்பெட்டியில் ஒரு மீன் கூட நீட்டி வைக்க முடியாது. ஊலிக்கன் எண்ணெய்க் குப்பியைத் திறந்தால் பக்கத்து அறையிலிருந்து புகார் வரும். அடுக்குமாடியில் கருவாடு வறுத்தவர்களுக்கு அந்தப் புகார் எப்படி இருக்கும் என்று தெரியும். உங்கள் துறையில் சமையல் ஆய்வகம் இருக்கும். அதில் ஒரு பெட்டியை மாணவர் பொதுப் பயன்பாட்டுக்குக் கேட்டுப் பாருங்கள். எங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று வந்த பிறகு, பூர்வகுடிப் பிள்ளைகள் அங்கே சேர்ந்து சமைத்து, அந்த மேசையிலேயே படிக்கத் தொடங்கினார்கள். ஆலோசகர் அறைக்கு வரத் தயங்கியவர்கள் அங்கே வந்து என்னிடம் பேசினார்கள்.

பதில்: ஸ்கார்பரோவாசி

நல்ல பதிவு அக்கா. ஆனால் ஒரு கேள்வி. என் மகன் இரவில் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறான். அவனுக்கு யாரும் தவணை நீட்டிப்பதில்லை. ஒரு பிரிவினருக்கு மட்டும் விடுப்பு, மாற்றுப் பயிற்சி என்றால் மற்ற மாணவர்களுக்கு மனக்கசப்பு வராதா? உண்மையாகவே கேட்கிறேன்.

பதில்: வடமானிட்டோபா

நான் உணவியலாளர். மானிட்டோபாவின் வடக்கே கிரீ மக்களின் ஊர்களில் வேலை செய்கிறேன். ஆறாவது வாரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வரலாற்றாய்வாளர் இயன் மாஸ்பி 2013-இல் கட்டுரை எழுதிய பிறகுதான் அந்தப் பரிசோதனைகள் பரவலாகத் தெரியவந்தன. 1942-இல் நான் வேலை செய்யும் இந்த வட்டாரத்தில், நார்வே ஹவுஸ் போன்ற ஊர்களில் தொடங்கியது. பசியால் மெலிந்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வைட்டமின் கொடுத்து, மற்றவர்களை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டார்கள். 1948 முதல் 1952 வரை ஆறு உறைவிடப் பள்ளிகள். உங்கள் மாகாணத்தின் போர்ட் ஆல்பர்னி பள்ளியில், குழந்தைகளுக்குக் கிடைத்த பால் பரிந்துரைத்த அளவில் பாதிகூட இல்லை என்று தெரிந்தும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு ஆண்டுகள் அதே அளவில் வைத்திருந்தார்கள். சில பள்ளிகளில் பல் சிகிச்சையை நிறுத்தினார்கள். ஈறுகளின் நிலை அவர்களுக்கு ஓர் அளவுகோல். சிகிச்சை செய்தால் கணக்கு மாறிவிடும் என்பது காரணம்.

இதை "பூர்வகுடிகளின் துயரம்" என்ற தலைப்பில் நடத்தாதீர்கள். நம் துறையின் வரலாறாக நடத்துங்கள். பள்ளிப் பரிசோதனைகளை முன்னின்று நடத்திய லயனல் பெட் யார்? 1942-இல் கனடா தன் முதல் அதிகாரபூர்வ உணவு விதிகளை வெளியிட்டபோது, அரசின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவர் அவர். மாணவர்கள் முதல் ஆண்டில் மனப்பாடம் செய்யும் உணவு வழிகாட்டி அந்த விதிகளின் வழிவந்தது. ஒப்பீட்டுக் குழு என்றால் என்ன, ஒப்புதல் யாரிடம் வாங்க வேண்டும், பசித்தவருக்கு உணவு கொடுப்பதா அளப்பதா என்ற கேள்விகள் அறையில் உள்ள ஒவ்வொரு வருங்கால உணவியலாளருக்கும் உரியவை. அப்படி நடத்தினால் வகுப்பின் பார்வை மூன்று மாணவர்கள் மேல் விழாது. நம் தொழில் மேல் விழும்.

ஒரு வாரம் முன்பே, இந்த வகுப்பில் இது வருகிறது, வர விரும்பாதவர் காரணம் சொல்லாமல் வராமல் இருக்கலாம், மதிப்பெண் போகாது என்று எல்லாருக்கும் எழுதி அனுப்புங்கள். குழந்தைகளின் படங்களைத் திரையில் போடாதீர்கள். அந்தப் படத்தில் இருப்பவர் யாருடையவோ தாத்தா. கடைசி உறைவிடப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான். உங்கள் மாணவர்களின் பெற்றோர் காலம்.

இன்னொன்று, என் தொழில் சார்ந்தது. உணவு மதிப்பீட்டுப் பயிற்சித் தாளில் எப்போதும் ஓட்ஸ், தயிர், கோழி நெஞ்சுக்கறி. கனடாவின் அரசு ஊட்டச்சத்துத் தரவுத்தளத்தில் மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சியும் ஊலிக்கன் எண்ணெயும் இருக்கின்றன. யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு பயிற்சித் தாளை மூஸ் குழம்பும் வெள்ளைமீனும் வைத்து எழுதுங்கள். அந்த எண்ணெயில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று வகுப்பே கணக்குப் போடட்டும். இங்கே பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடையில் எதுவும் இல்லாத வாரத்தில் இந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்றுதான். பதில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இதே மண்ணில் பிறந்த பிள்ளைகள். அவர்கள் பட்டம் வாங்கி இங்கே வர வேண்டும் என்பது என் சொந்தத் தேவை. எத்தனை நாள் நான் ஒருவனே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பாட்டிமாரிடம் பேசுவது?

கேள்வி கேட்டவர்: செம்மண்

மனமார்ந்த நன்றி. முதல் வாரத்து மட்டித் தோட்டம், வழக்குகள், பயிற்சித் தாள் மூன்றையும் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன். முதல் இரண்டுக்கும் சம்மதம் வந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். மூத்தோர் ஒருவரை வகுப்புக்கு அழைக்க விரும்புகிறோம். புகையிலை கொடுத்து அழைப்பது முறை என்று ஒருவர் சொன்னார். சரியா? இன்னொன்று, ஃப்ரேசர் பள்ளத்தாக்கு மாணவர் தன் பாட்டி கிழங்கும் பெர்ரியும் எடுக்கும் இடங்களைப் பற்றித் திட்ட அறிக்கை செய்ய விரும்புகிறார். வரைபட மென்பொருளில் அந்த இடங்களைக் குறித்தால் அழகாக வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

பதில்: காயல்கரை

ஸ்கார்பரோவாசிக்கு முதலில். உங்கள் மகனுக்கும் சேர்த்தே விதி எழுதலாம், அதுதான் நல்லதும் கூட. பன்னிரண்டு வகுப்பில் சிறந்த ஒன்பதுக்கு மட்டும் மதிப்பெண், எவரும் காரணம் சொல்லாமல் ஒரு தவணையைத் தள்ளிப் போடலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்தால், கிடங்கில் நிற்கும் பிள்ளைக்கும் ஆற்றில் நிற்கும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். பூர்வகுடி என்று கையெழுத்துப் போட்டுச் சலுகை கேட்க வேண்டிய சங்கடமும் இல்லை. ஆனால் நில உரிமையும் மீன் உரிமையும் வேறு விஷயம். அவை சலுகை அல்ல, சட்டம். அதை இதோடு கலக்காதீர்கள்.

தம்பி, புகையிலை சமவெளிப் பக்கத்துக் கிரீ, ஒஜிப்வே மக்களிடம் முறை. இந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் அது பொருந்தாது. அழைக்கப் போகிறவரின் ஊர் நிர்வாகத்திடமோ, உங்கள் வளாகத்தில் உள்ள பூர்வகுடி மாணவர் மையத்திடமோ கேட்டுவிடுங்கள். அந்த வேலையை மாணவர் தலையில் கட்டாதீர்கள். சன்மானம் அன்றே கையில் கிடைக்க வேண்டும். படிவம் நிரப்பி, எண் வாங்கி, ஆறு வாரம் கழித்துக் காசோலை அனுப்பும் வழக்கத்தை உங்கள் அலுவலகத்தோடு இப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள். எண்பது வயதுக்காரரைப் பணத்துக்காக மின்னஞ்சல் எழுத வைப்பது பண்பல்ல. வர வண்டி, கூட ஒரு துணையாள், நல்ல சாப்பாடு.

வரைபடம் வேண்டாம். தெற்கு வான்கூவர் தீவில் காமஸ் கிழங்கு எடுக்கும் புல்வெளிகள் அருகிப்போய்விட்டன. ஓர் இடம் இணையத்தில் ஏறினால் அடுத்த வசந்தத்தில் மண்வெட்டியோடு ஆள் வருவார்கள். பெர்ரிக் காட்டுக்கும் அதே கதைதான். அந்த அறிவு பாட்டியுடையது, அவருடைய மக்களுடையது. மாணவர் எழுதினாலும் துறைக்குச் சொந்தமாகிவிடாது. தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் அந்தந்த மக்களுக்கே என்று 1998-லேயே கனடாவின் பூர்வகுடியினர் கொள்கை வகுத்துவிட்டார்கள். தேசிய ஆய்வு நெறிமுறையின் ஒன்பதாம் அத்தியாயமும் சமூகத்தின் சம்மதம் பற்றிப் பேசுகிறது. ஆய்வாளரான நீங்கள் அதைப் படித்திருக்க வேண்டும்.

இடத்தைச் சொல்லாமலே நல்ல அறிக்கை எழுதலாம். காமஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பூ நீலமாக இருக்கும்போது அடையாளம் பார்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் வெளிர் மஞ்சள் பூப்பூக்கும் நச்சுக் கிழங்கு பக்கத்திலேயே வளரும். சூடான கற்கள் மேல் குழியில் மூடி ஒரு நாளுக்கு மேல் வேகவைத்தால்தான் அதிலுள்ள இனுலின் உடைந்து இனிப்பாகும். எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு உடைகிறது என்று ஆய்வகத்தில் அளக்கலாம். பாட்டி எடுக்கும் கிழங்கில் இப்படி எதை அளக்கலாம் என்று மாணவரே யோசிக்கட்டும். அறிக்கையின் முதல் பிரதி பாட்டிக்குப் போகட்டும். அவர் நீக்கச் சொல்வதை நீக்கிய பிறகு உங்களிடம் வரட்டும். அதற்கு நேரம் பிடிக்கும். எனவே அந்த ஒரு தவணையை டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளி வைத்து, பாடத்திட்டம் அச்சாகும் முன்பே பேராசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.